ஆத்து மீனுக்கும் நாட்டு விதை வேணும்

"ஆத்துல மீன்குஞ்சு விட்டா நல்லதுதானே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எந்த ஆத்து மீனோட குஞ்சு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பாபநாசம் படித்துறையில் பொரிக்கு மொய்க்கும் மீன்களைப் பார்த்து, ஆறு முழுக்க இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய சிறு கெண்டை ஒன்று உண்டு. 1954-இல் சைலஸ் என்ற மீனியல் அறிஞர் அதை முதலில் விவரித்தார். நம் ஆற்றுப் படுகைக்கே உரிய அந்த மீன் இன்று அழியும் ஆபத்தில் இருக்கிறது.

பண்ணையில் குஞ்சு பொரித்து விட்டால் இனம் பெருகும்தான். ஆனால் காவிரியில் நடந்ததைப் பாருங்க. கிருஷ்ணா படுகையைச் சேர்ந்த நீலத்துடுப்பு மஹ்சீரை லோனாவாலா பண்ணையில் பொரித்து, 1970-களிலிருந்து காவிரியில் விட்டார்கள். நல்லெண்ணம்தான். தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பதிவுகளை ஆராய்ந்தபோது, வந்த மீன் பெருகியிருந்தது. காவிரிக்கே சொந்தமான திமில் மஹ்சீர் அருகிப்போயிருந்தது. 2018-இல் அது மிக மோசமான அழிவு நிலைப் பட்டியலில் சேர்ந்தது.

வெளி ரகம் வந்து நாட்டு நெல் காணாமல் போன கதை நமக்குத் தெரியும். அதே கதைதான் இதுவும். அதனால் குஞ்சு விடும் முன் நாம் கேட்க வேண்டியவை:

- தாய் மீன்கள் இதே ஆற்றில் பிடித்தவையா?
- நாலைந்து ஜோடியா, பல ஜோடிகளா? கொஞ்சம் ஜோடியில் எடுத்தால் எல்லாம் அண்ணன் தம்பிதான். அடுத்த தலைமுறை நோஞ்சானாகும்.
- தாய் மீன்களை அடிக்கடி மாற்றுகிறார்களா? பண்ணையிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது தீவனத்துக்குப் பழகி, ஆத்து வாழ்க்கையை மறந்துவிடும்.
- நோய் பார்த்து விடுகிறார்களா?

கட்லா, ரோகு வடக்கத்தி ஆற்று மீன்கள். குளத்தில் வளர்த்துச் சாப்பிடலாம். ஆற்றில் விடுவது இனப் பாதுகாப்பு ஆகாது.

எத்தனை குஞ்சு விட்டாலும், மீன் குறைந்த காரணம் அப்படியே இருந்தால் பலனில்லை. மணல் போனால் முட்டையிட இடமில்லை. சாக்கடை கலந்தால் மூச்சுக் காற்றில்லை. வயலில் அடித்த பூச்சிக்கொல்லி வடிகால் வழியாக ஆற்றுக்குத்தான் போகிறது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலும் பாசனம் பெறும் நாம் நஞ்சை நிறுத்தினாலே மீனுக்குப் பாதி வேலை முடிந்தது. மீதிக்குத்தான் பண்ணைக் குஞ்சு.