உஷார்! உங்கள் ஓட்டைக் குறிவைத்து ஒரு குரல் பதிவு வரும்

பினாங்குத் தமிழர்களே, தேர்தல் சூடு பிடித்த பிறகு இதைச் சொன்னால் காதில் ஏறாது. அதனால் இப்போதே சொல்கிறேன். அடுத்த பொதுத்தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் நடந்தாக வேண்டும். நாடாளுமன்றம் அதற்கு முன்பே எந்த நாளும் கலையலாம். கலைந்ததும் பிறையிலும் ஜோர்ஜ் டவுனிலும் கொடிகள் ஏறும். அவை யாருடைய கொடி என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். கைப்பேசிக்குள் வருவது யாருடையது என்று மட்டும் தெரியாது.

அது எப்படி வரும் தெரியுமா? வாக்களிப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது, இரவு பத்து மணிக்கு மேல், குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு குரல் பதிவு விழும். ஒரு நிமிடம்கூட இருக்காது. பேசுகிறவர் பெயர் சொல்ல மாட்டார். நம் வீட்டுப் பேச்சிலேயே பதறுவார். "நம்ம ஆளுங்க பேரையெல்லாம் பட்டியல்லேர்ந்து தூக்கிட்டாங்களாம், அவங்க வந்தா கோயில உடைக்கப் போறாங்களாம், உடனே எல்லாருக்கும் அனுப்புங்க" என்பார். அனுப்பியவர் நம் மாமா. மாமாவுக்கு அனுப்பியவர் கோயில் நிர்வாகத்தில் இருக்கும் நண்பர். அவருக்கு யார் அனுப்பினார் என்று கேட்டால் பதில் இருக்காது. மாமா பொய் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கையில் நாமும் பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகிறோம். மாட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான்.

இது கற்பனைப் பயமில்லை. 2013 தேர்தலை நினைத்துப் பாருங்கள். 40,000 வெளிநாட்டினரை விமானத்தில் ஏற்றி வந்து ஓட்டுப் போட வைக்கிறார்கள் என்ற பேச்சு முகநூலில் தீயாகப் பரவியது. வாக்குச் சாவடிகளில் தோற்றத்தை வைத்தே 'வங்காளதேசியா?' என்று ஆட்களை நிறுத்தினார்கள். தோல் நிறத்தைப் பார்த்து ஒருவனைச் சந்தேகிக்க ஆரம்பித்தால் அந்தச் சந்தேகம் தமிழன் வீட்டு வாசலுக்கு வர எவ்வளவு நேரமாகும்?

2022 அதைவிட மோசம். நவம்பர் 19-ல் வாக்களித்தோம், யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆட்சி யாருக்கு என்று நாடு காத்துக்கிடந்த அந்த நாட்களில், 1969 மே 13 இனக்கலவரத்தைக் கிளறும் காணொளிகள் டிக்டாக்கில் ஓடின. அதிகாரபூர்வக் கணக்கிலேயே 196 உயிர்களைக் குடித்த கலவரம் அது. காவல்துறை எச்சரித்தது, டிக்டாக் நிறுவனம் அத்தகைய காணொளிகளை நீக்கியது. நீக்குவதற்குள் எத்தனை இளைஞர்கள் பார்த்திருப்பார்கள்! 18 வயதினருக்கு ஓட்டுரிமையும் தானியங்கிப் பதிவும் வந்ததில் வாக்காளர் எண்ணிக்கை 2018-ல் இருந்த 1 கோடியே 49 லட்சத்திலிருந்து 2 கோடியே 11 லட்சமாக உயர்ந்திருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் இளைஞர்கள். நாளிதழைத் தொடாதவர்கள், செய்தி என்றாலே விரலால் தள்ளிப் பார்ப்பவர்கள். நம் மாநிலத்திலேயே, 1982 முதல் அன்வார் குடும்பத்தின் கையில் இருந்த பெர்மாத்தாங் பாவ் தொகுதி அந்தத் தேர்தலில் கைநழுவிப் போனது. டிக்டாக் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பங்கில்லை என்று சொல்பவரை நம்பவும் மாட்டேன்.

வதந்தி என்ன செய்யும் என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1998 மார்ச்சில் கம்போங் ராவாவில் கோயிலையும் பள்ளிவாசலையும் வைத்து எழுந்த தகராறு இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கும். அன்று யார் கையிலும் புலனம் இல்லை. இருந்திருந்தால் வதந்தி எவ்வளவு வேகமாகப் பரவியிருக்கும்!

இணையமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2007 நவம்பர் 25-ல் இந்தியர் உரிமைக்காக நடந்த ஹிண்ட்ராஃப் பேரணியின் நியாயம் மக்களைச் சேர்ந்ததில் இணையத்துக்கும் குறுஞ்செய்திக்கும் பெரிய பங்குண்டு. அடுத்த ஆண்டு பினாங்கில் ஆட்சி மாறியது. வலைப்பதிவராக அறியப்பட்ட ஜெஃப் ஊய் ஜெலுத்தோங்கில் வென்றார். இணையத்தை அலட்சியம் செய்தது தவறு என்று அன்றைய பிரதமர் அப்துல்லா படாவியே ஒப்புக்கொண்டார். அன்று மறைத்த செய்தியை வெளியே கொண்டுவந்த அதே வழியில்தான் இன்று விஷமும் வருகிறது. தமிழில் வரும் விஷத்தைத் தட்டிக்கேட்க ஆள் குறைவு. 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-ல் நின்றுபோனது. மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு பொய் கிளம்பினால் சில மணி நேரத்தில் மறுப்பு வந்துவிடும். தமிழ்க் குரல் பதிவுக்கு யார் மறுப்பு எழுதுகிறார்கள்?

இனி குரலையும் நம்ப முடியாது. 2018-ல் மறைந்த கலைஞர் கருணாநிதி, 2024 ஜனவரியில் சென்னை நிகழ்ச்சி ஒன்றில் திரையில் தோன்றி, தன் கட்சித் தலைவர்களில் ஒருவரான டி.ஆர். பாலுவை வாழ்த்திப் பேசினார். செயற்கை நுண்ணறிவு செய்த வேலை அது. அரங்கில் இருந்தவர்களுக்கு அது தெரியும். நாளை நம் சட்டமன்ற உறுப்பினர் குரலில் ஒரு பொய் வந்தால், அது செயற்கை என்று யார் வந்து சொல்வார்கள்? ருமேனியாவில் டிக்டாக் வழியே ஒரு வேட்பாளர் திடீரென மேலே வந்த விதம் பெரும் சந்தேகத்தைக் கிளப்ப, அதிபர் தேர்தலின் முதல் சுற்றையே அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2024 டிசம்பர் 6-ல் ரத்து செய்தது. ஒரு நாடே ஓட்டுப் போட்டது வீணாய்ப் போனது.

சட்டம் காப்பாற்றும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றங்கள் சட்டம் நாடாளுமன்ற வேட்பாளருக்கு 2 லட்சம் ரிங்கிட் செலவு வரம்பு வைத்திருக்கிறது. பெயர் தெரியாதவன் காசு கொடுத்துப் பரப்பும் காணொளியை அந்தக் கணக்கில் பிடிப்பது கடினம். பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் என்று ஒன்றை 2018 தேர்தலுக்கு முந்தைய மாதம் அவசரமாக நிறைவேற்றினார்கள். விமர்சிப்பவர் வாயை அடைக்கத்தான் அது உதவும் என்று எதிர்ப்பு எழுந்தது, 2019-ல் அதை நீக்க நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது.

ஆகவே காவல் நம் கையில்தான். புலனத்தில் ஒரு தகவலின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று பொருள். அதை அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்பதைத் தேர்தல் ஆணையத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் பாருங்கள். 'உதவித்தொகைக்குப் பதிவு செய்யுங்கள்' என்று யாரோ அனுப்பும் இணைப்பில் அடையாள அட்டை எண்ணைத் தட்டவே தட்டாதீர்கள். சந்தேகம் வந்தால், தொடர்பு பல்லூடக ஆணையம் 2025-ல் தொடங்கிய அய்ஃபா சேவையில் தமிழிலேயே கேட்கலாம். வீட்டுப் பெரியவர்களைக் குழுவில் எல்லோர் முன்னிலும் திருத்தாதீர்கள், ரோஷத்தில் இன்னும் நாலு பேருக்கு அனுப்புவார்கள். தனியாகக் கூப்பிட்டு, "மாமா, இது யார் சொன்னது?" என்று மட்டும் கேளுங்கள்.

இன்றிரவே உங்கள் குடும்பக் குழுவில் ஒரு வரி எழுதிப் போடுங்கள்: யார் சொன்னது என்று தெரியாத தேர்தல் செய்தியை இந்தக் குழுவில் யாரும் போட வேண்டாம்.