ஏக்கரா, ஹெக்டேரா? உரக் கணக்கில் கவனம் தேவை

1956-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நம் நாட்டில் மெட்ரிக் அளவுமுறை வந்தது. வீசையும் பவுண்டும் போய்க் கிலோ நிலைத்துவிட்டது. நிலத்தை மட்டும் இன்றும் ஏக்கர், சென்ட் கணக்கிலேயே பேசுகிறோம். பட்டாவிலோ ஹெக்டேர், ஏர் என்று உள்ளது. உரப் பரிந்துரையும் பெரும்பாலும் ஹெக்டேருக்கே தரப்படுகிறது. எந்த முறை சிறந்தது என்ற வாதம் ஒருபுறமிருக்க, இரண்டையும் குழப்பினால் நஷ்டம் விவசாயிக்குத்தான்.

1 ஹெக்டேர் என்பது 100 ஏர், அதாவது 2.47 ஏக்கர். 1 ஏர் 2.47 சென்ட். பட்டாவில் 0-40.50 என்றிருந்தால் நிலம் ஏறத்தாழ 1 ஏக்கர்.

நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து பரிந்துரை என்று வைத்துக்கொள்வோம். இதை 2.5-ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 60 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 சதம். எனவே யூரியாவாக மட்டும் இட்டால், ஏக்கருக்கு 45 கிலோ மூட்டை மூன்று போதும். அதையும் பிரித்தே இடவேண்டும். ஹெக்டேர் அளவை ஏக்கருக்கு இட்டாலோ ஏழு மூட்டைக்கு மேல் செலவாகும். பணம் வீணாவதுடன் பயிர் கொழுத்துச் சாயும். இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் பெருகும்.

ஆகவே பரிந்துரையைப் பெறும்போதே, 'ஏக்கருக்கா, ஹெக்டேருக்கா?' என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஏக்கரில் பேசுவதில் தவறில்லை; மூட்டை வாங்குமுன் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம்.