தோலில் தொடங்கி மூட்டில் இறங்கும் வியாதி

எங்கள் உறவில் ஓர் அம்மாள், அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர், சித்திரை வெயிலிலும் முழங்கையை மூடிய ரவிக்கையே அணிவார். முழங்கையிலும் தலையோரத்திலும் வெள்ளிச் செதில்போல் உதிரும் சோரியாசிஸ் அவருக்கு இருந்ததென்பது வீட்டாரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் விசேஷ வீடுகளில் பந்தியில் உடனமர்வார்களோ, பெண்ணுக்கு வரன் வருமோ என்ற அச்சம், அது தொற்றுநோயே அன்று என்று விஷயமறிந்தவர்கள் பலமுறை சொல்லியும் அவரை விட்டு அகலவில்லை. மொட்டைமாடியில் தேங்காயெண்ணெயில் வெட்பாலை இலையை ஊறவைத்து, வெயில் ஏற ஏற அது ஊதா நிறங்கொள்வதைப் பார்த்துத் திருப்தியடைவதே அவருடைய வைத்தியம். பத்தாண்டு கழித்து ஒரு காலையில், வலக்கை நடுவிரல் கணுவில் மட்டுமன்றி அடிமுதல் நுனிவரை பூவன்பழம்போல் வீங்கி, சாக்குக்கட்டியைப் பிடிக்க மறுத்தது. எலும்பு வைத்தியரிடம் சென்றார், விரலை நீட்டினார், முழங்கையை நீட்டவில்லை.

யூரிக் அமிலம் சற்று மிகுந்திருந்ததால் கௌட் என்று ஒரு வருஷம் கழிந்தது, முடக்குவாதத்துக்கான ஆர்.ஏ. ஃபாக்டர் என்ற ரத்தச் சோதனை நெகட்டிவ் என்று வந்ததால் வாதமே இல்லை என்று இன்னொரு வருஷம் கழிந்தது. விடிந்ததும் குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாமற் போனதற்கு மெத்தென்ற செருப்பு வாங்கச் சொன்னார்கள். அந்த வைத்தியர்களைக் குறை கூற என் மனம் ஒப்பவில்லை. பாதிக் கதையைக் கேட்டவர்கள் பாதி வைத்தியத்தைத்தானே செய்ய இயலும்?

சோரியாசிஸ் தோலோடு நின்றுவிடும் வியாதியன்று. சரீரத்தைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே இலக்குத் தவறிச் சரீரத்தின்மீது பாய்வதால் உண்டாகும் அழற்சி, தோலில் செதிலாகவும், மூட்டிலும் தசைநார் எலும்போடு சேருமிடத்திலும் வீக்கமாகவும் வெளிப்படுகிறது. தோல் நோயுற்றவர்களில் ஐவரில் ஒருவருக்கேனும், சில கணக்குகளின்படி மூவரில் ஒருவருக்கும் மூட்டு பாதிக்கப்படுகிறது. பெரும்பாலும் தோல் முந்திக்கொள்ள, மூட்டு பல வருஷம் கழித்தே தொடர்கிறது. நகத்தில் அங்குஸ்தானின் புள்ளிகளைப்போல் நுண்குழிகள் விழுவதும், காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் மூட்டுகள் விறைத்து, நடமாட நடமாட இளகுவதும், ஓய்வில் கூடி வேலையில் குறையும் இடுப்புவலியும் இதன் அடையாளங்கள். ஆர்.ஏ. ஃபாக்டர் இவர்களிற் பெரும்பாலோருக்கு நெகட்டிவாகவே இருக்குமாதலால், அந்த ஒரு தாளைக் கொண்டு நிம்மதியடைவது வீண். ஆறு மாதத் தாமதமே எலும்பரிப்பை மிகுவிக்கக்கூடும் என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன; அரித்த எலும்பை மீட்டுத்தரும் ஔஷதம் கிடையாது.

இதற்கு வழக்கமாகத் தரப்படும் மெதோட்ரெக்சேட்டின் சரித்திரத்தில் நம் சென்னைக்கும் சிறு பங்குண்டு. 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் நடத்திய ஆராய்ச்சிக்கூடத்தில்தான் இம்மருந்தும் இதன் முன்னோடியான அமினாப்டெரினும் உருவாயின; அமினாப்டெரின் சோரியாசிஸையும் மூட்டழற்சியையும் தணிப்பதை 1951இல் வைத்தியர்கள் வெளியிட்டபோது, அவர் காலமாகி மூன்றாண்டு ஆகியிருந்தது.

மெதோட்ரெக்சேட்டில் உயிர்போகும் ஆபத்து ஒன்று உண்டு, அதுவும் மருந்தினாலன்று, கவனக்குறைவினால்: வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டியதை, மற்ற மாத்திரைகளைப்போல் எண்ணித் தினமும் விழுங்கிவிடுகிறார்கள். வாய்ப்புண்ணும் ஜுரமும் அதன் முதல் எச்சரிக்கை. ரத்த அணுக்கள் சரிந்து மாண்டவர்களும் உண்டு. சீட்டில் வைத்தியர் கிழமையைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். மருந்துக்கடைக்காரர் அட்டையிலும் அதை எழுதச் சொல்லிக் கேட்பது நம் பொறுப்பு. ஃபோலிக் அமிலத்தை விடலாகாது, ரத்தமும் கல்லீரலும் சோதிக்கப்படும் தேதிகளைத் தவறவிடலாகாது, மது கூடாது, கருத்தரிக்க எண்ணுவோர் பல மாதங்களுக்கு முன்பே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சிறுநீர்த்தொற்றுக்கென்று கோட்ரைமாக்சசோல் தரப்பட்டால், மெதோட்ரெக்சேட் உண்பதை உடனே தெரிவிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் விஷமாகக்கூடும். மெதோட்ரெக்சேட்டால் நோய் அடங்காதபோது பயாலஜிக் ஊசி உண்டு. அதன் முன் காசநோய் உள்ளுறைந்திருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். வலிநிவாரணி வலியை மறக்கச் செய்யுமேயன்றி எலும்பரிப்பைத் தடுக்காது. நெடுநாள் உண்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இன்னும் கொடியது பெயரில்லாப் பொட்டலம். மூன்றே நாளில் வலியையும் செதிலையும் ஒருசேர அடக்கும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகிப்பதே விவேகம்; அதைத் திடீரென நிறுத்தினால், அடங்கிய சோரியாசிஸ் உடலெங்கும் சீழ்க்கொப்புளமாகப் பொங்கக்கூடும். வாதத்தைத் தீர்ப்பதாக விளம்பரஞ் செய்வதை 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தடைசெய்கிறது. அச்சட்டத்தின் பட்டியலில் ருமாட்டிசம் பெயரோடு இருக்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கலாம். சுவரொட்டிகளைப் பார்த்தால் அப்படியொரு சட்டம் இருப்பதாகவே தோன்றாது என்பது வேறு விஷயம்.

மறைப்பு இன்சூரன்ஸிலும் பழிவாங்கும். விண்ணப்பத்தில் தோல் நோயை எழுதாமல் விட்டவர், மூட்டுக்காகப் பணம் கேட்கும்போது மறுப்புக் கடிதம் பெறுகிறார். 2024ஆம் ஆண்டின் விதிப்படி, முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதத்தைத் தாண்டலாகாது; பாலிசி 60 மாதம் இடைவிடாது நடந்த பின், மோசடி நிரூபணமானாலன்றி, மறைத்ததாகக் காரணங்காட்டி மறுக்க இயலாது. அதற்குள் மறுத்தால் கம்பெனிக்கு எழுதி, அங்கே நியாயம் கிட்டாவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனை நாடலாம், கட்டணமில்லை. சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் வைத்தியர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆயினும் கைகால் இயக்கம் குன்றினால், இயக்கக் குறைபாடு என்ற வகையில் மருத்துவக் குழு மதிப்பிட்டுச் சான்று தரலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் எனில் இடஒதுக்கீடு முதலிய சலுகைகளுக்கு வழியுண்டு. பணியிலிருக்கும்போது குறைபாடு நேர்ந்த அரசு ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. அவ்வேலை இயலாவிடில் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்று அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் ஆசிரியை அதை அறிந்திருந்தால், கரும்பலகையில் எழுத முடியவில்லையே என்று விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பம் எழுதியிருக்க மாட்டார்.

விண்ணப்பத்தைக் கொடுப்பதற்கு முன்பே, நல்ல வேளையாக, மூட்டுவாதம் பார்க்கும் ருமட்டாலஜி வைத்தியரிடம் அழைத்துப் போனோம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நாங்கள் சென்ற இடத்தில் வைத்தியர் விரலைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், பிறகு ரவிக்கையின் கையைச் சற்று மேலேற்றச் சொன்னார். அம்மாள் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுத்தான் ஏற்றினார். இப்போது அவர் வீட்டு அலமாரியில் மாத்திரை அட்டையின்மேல் 'செவ்வாய் மட்டும்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. எழுத்து சற்றுக் கோணல்தான், ஆனால் அவர் கையெழுத்து.