நரைமுடி வேண்டா நடுவர்கள்

வழக்கொன்றைத் தீர்த்துக்கொள்ள வந்த முதியவர் இருவர், கரிகாலனின் இளமையைக் கண்டு ஐயுற்றனர். 'இவ்விளையோன் நம் வழக்கின் நுட்பத்தை உணர்வானோ?' என்று தயங்கினர். அதனை அறிந்த மன்னன் நரைமுடி அணிந்து முதியவன்போல் வந்தான். வழக்கைக் கேட்டு நேரிய தீர்ப்பு வழங்கினான். பழமொழி நானூறு சுட்டும் செய்தி இது. இளையோரின் அறிவை முதியோர் ஐயுறுதல் எக்காலத்தும் எந்நாட்டிலும் காணப்படுவதே. ஆயினும், இளையோர் நரைமுடி அணியாமலே நடுவராய் அமரும் அவை ஒன்று இத்தாலி நாட்டில் உண்டு. அதுவே ஜிஃபோனி திரைப்பட விழாவாகும்.

இத்தாலியின் தென்பகுதியில், சலேர்னோ நகருக்கு அண்மையில், ஜிஃபோனி வாலே பியானா என்னும் சிற்றூர் மலையடிவாரத்தில் அமைந்துள்ளது. அங்கு வாழும் மக்கள் ஏறத்தாழ 12,000 பேரே. மிட்டாய்களிலும் சாக்லேட்டுகளிலும் சேர்க்கப்படும் ஹேசல் என்னும் கொட்டையே அவ்வூரின் புகழ்பெற்ற விளைபொருள். தென் இத்தாலியில் தொழில்வளம் குறைவாக இருந்தமையால், இளைஞர் பலர் பிறந்த ஊரைத் துறந்து, மிலான், டூரின் முதலிய வட நகரங்களுக்கும் பிற நாடுகளுக்கும் வேலை தேடிச் சென்றனர். இத்தகைய சூழலில், 1971ஆம் ஆண்டில், அவ்வூரினரான கிளாடியோ குபிடோசி என்னும் இளைஞர் சிறுவர்க்கென ஒரு திரைப்பட விழாவைத் தொடங்கினார்.

திரைப்பட விழா என்பது படங்களை வரிசையாகக் காட்டுவது மட்டும் அன்று. பல நாட்டுப் படங்களை ஓரிடத்தில் திரட்டி, நடுவர் குழுவின்முன் திரையிட்டு, சிறந்தவற்றைத் தேர்ந்து பரிசளிப்பதே அதன் நடைமுறை. வெனிஸ் நகரில் 1932ஆம் ஆண்டிலும், கான் நகரில் 1946ஆம் ஆண்டிலும், பெர்லினில் 1951ஆம் ஆண்டிலும் தொடங்கிய விழாக்கள் இவ்வகையில் பெயர் பெற்றவை. அங்கெல்லாம் புகழ் வாய்ந்த இயக்குநரும் நடிகரும் எழுத்தாளருமே நடுவராய் இருப்பர். சிறுவர்க்கான படங்களுக்கும் பெரும்பாலும் இதுவே நிலை. அவற்றை எடுப்பவரும் பெரியவர், தேர்ந்தெடுப்பவரும் பெரியவர், நன்று, தீது என்று கூறுபவரும் பெரியவர். எவருக்காகப் படம் எடுக்கப்பட்டதோ, அவரிடம் மட்டும் எவரும் கருத்துக் கேட்பதில்லை. இக்குறையைக் களைந்ததே ஜிஃபோனியின் தனிச்சிறப்பு. அங்கே படம் பார்க்கும் சிறுவரே நடுவர்.

ஆண்டுதோறும் கோடைக்காலத்தில், பெரும்பாலும் ஜூலைத் திங்களில், இவ்விழா நடைபெறும். இத்தாலியின் பல பகுதிகளிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் சிறுவர் சிறுமியர் ஆயிரக்கணக்கில் வந்து கூடுவர். ஆறு வயதுச் சிறுவர்க்கு ஏற்ற படம் பதினாறு வயதினர்க்கு ஏற்றது ஆகாது. ஆதலால், நடுவர்கள் வயதுக்கேற்பப் பல பிரிவுகளாகப் பிரிக்கப்படுவர். ஒவ்வொரு பிரிவினரும் தமக்குரிய படங்களைக் கண்டு வாக்களிப்பர். வெற்றி பெற்ற படத்திற்குக் கிரிஃபோன் விருது வழங்கப்படும். கழுகின் தலையும் சிறகும் சிங்கத்தின் உடலும் கொண்ட கற்பனை விலங்கின் பெயர் அது.

வாக்களிப்பதற்கு முன் நிகழும் உரையாடலே இவ்விழாவின் உயிர்நாடி எனலாம். படம் முடிந்ததும் அதன் இயக்குநரோ நடிகரோ சிறுவர்முன் வந்து நிற்பர். "அச்சிறுவன் ஏன் வீட்டுக்குத் திரும்பவில்லை?", "முடிவைத் துன்பமாக அமைத்தது ஏன்?" என்பன போன்ற வினாக்கள் எழும். எத்துணைப் புகழ் பெற்றவராயினும் மறுமொழி கூறியே ஆகவேண்டும்.

'குழந்தைகள் வேடிக்கையை மட்டுமே விரும்புவர். அவர்கள் எங்ஙனம் நடுநிலையோடு தேர்வர்?' என்று வினவுவோர் உண்டு. இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. பிடித்தது வேறு, சிறந்தது வேறு. அவ்வேறுபாட்டை உணர்வதற்குப் பயிற்சி வேண்டும். ஆயின், அப்பயிற்சி பொறுப்பை ஏற்பதனாலேயே வரும். நீரில் இறங்காமல் நீந்தக் கற்றவர் இலர். தன் வாக்கினால் ஒரு படம் வெல்லவும் தோற்கவும் கூடும் என்று உணர்ந்த சிறுவன், படத்தைக் கருத்தூன்றிப் பார்க்கிறான். அருகில் இருப்பவனின் மாற்றுக் கருத்தையும் செவிமடுக்கிறான். வறுமை, போர், பெற்றோரின் பிரிவு, இறப்பு ஆகியவற்றைக் காட்டும் படங்களும் அங்கே திரையிடப்படுகின்றன. துன்பத்தை அறியாதவர் அல்லர் சிறுவர். அதனைப் பற்றிப் பேச இடம் பெறாதவரே அவர்.

விழாவுக்கு வரும் அயல்நாட்டுச் சிறுவர் பலரை அவ்வூர்க் குடும்பத்தினர் தம் இல்லங்களில் தங்கவைத்து விருந்தோம்புவர். மொழி அறியாத பிள்ளைகள் ஒரே மேசையில் உண்டு, சைகையாலும் சிரிப்பாலும் நண்பராவர். இவ்வாறு விழா அரங்கத்தோடு நில்லாமல் ஊர் முழுவதன் உடைமையாகிறது.

பிரெஞ்சு நாட்டு இயக்குநர் பிரான்சுவா திரூஃபோ 1982ஆம் ஆண்டில் இவ்விழாவுக்கு வந்தார். அன்பு குறைந்த சூழலில் வளரும் ஒரு சிறுவனின் கதையை 1959ஆம் ஆண்டில் படமாக்கிப் புகழ் பெற்றவர் அவர். உலகத் திரைப்பட விழாக்கள் அனைத்திலும் மிகவும் இன்றியமையாதது இதுவே என்று அவர் எழுதினார். பெருந்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டிலும் விழா கைவிடப்படவில்லை. ஜூலைக்கு மாற்றாக ஆகஸ்டுத் திங்களில் நடத்தப்பெற்றது.

துறைமுகமோ பெரும் அரண்மனையோ அவ்வூருக்குப் புகழ் தேடித் தரவில்லை. இளையோர்மீது வைத்த நம்பிக்கையே தேடித் தந்தது. கரிகாலன் நரைமுடியைக் களைந்தபோதுதான், தீர்ப்புக் கூறியவன் இளையோன் என்பதை அம்முதியவர் உணர்ந்து நாணினர். ஜிஃபோனியிலோ அம்மறைப்புக்குத் தேவையில்லை. அறிவு நரையினால் வருவதன்று. கூர்ந்து காணும் கண்ணாலும், பிறர் கூற்றைப் பொறுமையோடு கேட்கும் செவியாலும் வருவது. அவ்விரண்டையும் பழக்கிக்கொள்ள இளையோர்க்கு ஓர் அவை வேண்டும். அத்தகைய அவையை ஒரு சிற்றூர் அமைத்துக் கொடுத்துள்ளது.