ஆடும் கனியுப்பும்

மாடு என்னுஞ் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டென்பதைத் தமிழறிந்தார் அறிவர். எனினும் எளியார் இல்லத்துச் செல்வம் பெரும்பாலும் ஆடேயாம். நானாட்டானிலே கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயலுடையார் நெல்லை நம்பியிருப்பர். வயலில்லாதாரோ வளவில் வளர்க்கும் இரண்டொரு ஆடுகளை நம்பியிருப்பர். நோய்க்கு மருந்து வாங்கவும் நன்னாட் செலவைத் தீர்க்கவும் விற்கப்படுவன அவையே. ஆதலின் அவற்றின் உணவிற் கனியுப்புக்கள் பெறும் இடத்தை ஆராய்தல் பயனுடைத்து.

கனியுப்பு என்றதும் கறியுப்பையே நினைப்பது இயல்பு. மன்னார்க் கரையில் உப்புக்குக் குறைவில்லை. ஆனால் கறியுப்புத் தருவன சோடியமும் குளோரினுமே. எலும்புக்கும் பாலுக்கும் கல்சியமும் பொசுபரசும் வேண்டும். குருதிக்கு இரும்பும் செம்பும், தோலுக்கும் குளம்புக்கும் நாகமும், தைரொயிட்டுச் சுரப்பிக்கு அயடீனும் வேண்டும்.

இவற்றுட் சில இம்மியளவே வேண்டப்படுவன. ஆயினும் அவ்விம்மி குறையின் உயிர்க்கே கேடு வரும். தென் அவுஸ்திரேலியாவின் சுண்ண மணற் கரையோரத்திலே, மேயப் புல்லிருந்தும் செம்மறிகள் மெலிந்து மாண்டன. மண்ணிற் கோபாற்றுக் குறைந்தமையே தலையாய காரணமென 1935ஆம் ஆண்டளவிற் புலனாயிற்று. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் கோபாற்றைக் கொண்டே விற்றமின் பி 12ஐ ஆக்குகின்றன என்பது பின்னர் அறியப்பட்டது. வயிறு நிறைதல் வேறு. ஊட்டம் நிறைதல் வேறு.

குறைவு மட்டுமன்று, அளவு பிறழ்தலும் தீங்கே. நெல் விளையும் ஊரிலே தவிடு எளிதிற் கிடைக்கும். நலமடித்த கிடாயைக் கொழுக்கவைக்க விரும்புவோர் அதனையே மிகுதியாக இடுவர். உணவிலே பொசுபரசைப்போல ஏறத்தாழ இருமடங்கு கல்சியம் இருத்தல் நன்று. தவிட்டிலோ பொசுபரசு கல்சியத்தினும் பத்து மடங்குக்கு மேற்பட்டது. மிகுந்த பொசுபரசு சிறுநீரிற் கல்லாய்த் திரளும். இளமையிலே நலமடித்த கிடாயின் சிறுநீர்க்குழாய் ஒடுங்கியது. ஆதலின் அக்கல் வழியை அடைத்துவிடும். ஆடு முக்கிக் கதறுவதை மலச்சிக்கலெனக் கருதிக் கைமருந்து செய்து பொழுது போக்குவாரும் உளர். அதற்குட் சிறுநீர்ப்பை வெடித்து ஆடு இறத்தலும் கூடும்.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. தவிட்டைக் குறைத்து, கல்சியம் மிக்க இப்பிலிப்பில், கிளிசிரிடியா முதலிய குழைகளைப் பிறவற்றோடு கலந்து இடுக. உப்புத் தாகத்தை வளர்க்கும்; தாகத்துக்கு நன்னீர் கிடைப்பின் சிறுநீர் பெருகிக் கல் திரளாது. நீரின்றி உப்பிடுதல் கேடு. வளர்ந்த ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் கனியுப்புக் கலவை போதும். எனினும் பொதியிற் குறித்துள்ள அளவையே பின்பற்றுக. தவிட்டை மிகுதியாகத் தின்னும் கிடாய்க்குப் பொசுபரசு கூடிய கலவை ஆகாது. மாட்டுக்கென ஆக்கிய கலவையைச் செம்மறிக்கு ஈதல் தகாது; வெள்ளாடு தாங்கும் செம்பு செம்மறிக்கு நஞ்சாகும். சிறுநீர் தடைப்பட்டாற் காலந்தாழ்த்தாது கால்நடை வைத்தியரை நாடுக.

உப்பு மலிந்த நாட்டில் வாழும் எமக்கு, உப்பெல்லாம் ஒன்றல்ல என்பதே இங்கு அறியத்தக்கது.