கரையும் தசைக்கு மாத்திரை காவலா?

கீமோ எடுப்பவரின் பலவீனத்தை நாற்காலி காட்டிக்கொடுத்துவிடும். போன மாதம் சட்டென்று எழுந்தவர், இப்போது இரு கைகளையும் ஊன்றித்தான் எழுகிறார். தொடை சூம்பிவிட்டது. "சரியாச் சாப்பிடறதில்லை, அதான்" என்கிறார்கள் வீட்டில். அது மட்டும் காரணமில்லை. புற்றுநோய் கிளப்பும் அழற்சி பசியை அடக்குவதோடு, தசைப் புரதத்தையும் வேகமாக உடைக்கிறது. மருத்துவர்கள் இதை கேக்கெக்சியா என்கிறார்கள். ஆறு மாதத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57-க்குக் கீழே இறங்கினால், உடனே கவனிக்க வேண்டும்.

நலம் விசாரிக்க வருபவர்கள் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை டப்பாவை வாங்கி வருவது இந்தச் சமயத்தில்தான். அவர்கள் அன்பில் குறையில்லை, மாத்திரையில்தான் சிக்கல். புற்றுக்கட்டி வைத்த சுண்டெலிகளுக்கு பிரான்ஸ் ஆய்வாளர்கள் ஆன்டிஆக்ஸிடன்ட் கலவை கொடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் வெளியான முடிவு: கட்டி வேகமாக வளர்ந்தது, உடலும் சீக்கிரம் உருகியது. சுண்டெலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. அது தெரிந்து முப்பது வருடம் ஆகிறது. இன்னொன்று: ஆன்டிஆக்ஸிடன்ட்கள் அடக்குவது ஃப்ரீ ராடிக்கல்களை; உடற்பயிற்சியில் உண்டாகும் அவை தசையைத் தயார்படுத்தும் தூண்டுதல்களில் ஒன்று. ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட்களான வைட்டமின் சி-யும் இ-யும் அதிக அளவில் கொடுத்தபோது, பயிற்சியால் இன்சுலின் செயல்பாட்டில் வரவேண்டிய முன்னேற்றமே தடைபட்டது. ஜெர்மனியில் 2009-இல் கண்டது இது.

அப்படியானால் எது உதவும்? நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ரப்பர் பட்டையை இழுப்பது, கொஞ்சம் நடை. சிகிச்சையில் இருப்பவர்களின் சோர்வு குறையவும் வலு கூடவும் இவை கைகொடுக்கின்றன. முற்றிய கேக்கெக்சியாவில் சான்று இன்னும் போதாது. அதனால்தான் சீக்கிரம் தொடங்கச் சொல்கிறேன். எலும்புக்குப் பரவியிருந்தாலோ, பிளேட்லெட் குறைந்திருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கூடவே புரதம்: கிலோ எடைக்கு தினமும் 1 முதல் 1.5 கிராம். முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாம் கணக்கில் சேரும்.

பசியே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. புதுச்சேரி ஜிப்மரில் புற்றுநோயாளிகள் 124 பேரிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. தினமும் 2.5 மில்லிகிராம் ஓலன்சபின் என்ற மருந்தைச் சாப்பிட்டவர்களில் 60 சதவீதம் பேருக்கு எடை 5 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மருந்தில்லாத மாத்திரை பெற்றவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். இது டாக்டர் எழுதித்தர வேண்டிய மருந்து.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, வீட்டில் இருக்கும் சத்து மாத்திரை டப்பாக்கள் அத்தனையையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள்.