9.8-க்குப் பிறகு வரும் எண்

பாரிசில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரத்தைக் கப்பலேற்றித் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனால், அங்கே அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குகிறது. கயேனில் ஈர்ப்பு முடுக்கம் எவ்வளவு?

பிளஸ் ஒன்னில் தனிச்சீரிசை இயக்கம் படித்தவர் ஐந்து வரியில் முடித்துவிடுவார். ஒரு நாளில் 86,400 விநாடி. அதில் 150 போய்விட்டது என்றால் அலைவுக் காலம் 0.17 சதவீதம் கூடியிருக்கிறது. ஊசலின் சமன்பாட்டில் ஈர்ப்பு முடுக்கம் g வர்க்கமூலத்துக்குள் உட்கார்ந்திருப்பதால் அதில் ஏற்படும் குறைவு இரண்டு மடங்கு, அதாவது 0.35 சதவீதம். பாரிசில் 9.81 என்றால் கயேனில் 9.78. ஊசல் குண்டின் நிறை இந்தக் கணக்கில் தலைகாட்டவே இல்லை.

வினாத்தாள் தயாரித்தவரின் கற்பனை அல்ல இது. 1672-ல் ழான் ரிஷே என்ற வானியலாளருக்கு உண்மையிலேயே நடந்தது. பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரைக் கயேனுக்கு அனுப்பியது செவ்வாய்க் கிரகத்தைப் பார்க்க. பாரிசிலிருந்து வானியலாளர் காசினி, கயேனிலிருந்து ரிஷே என இருவரும் பார்க்கும் கோணங்களை ஒப்பிட்டுச் செவ்வாயின் தூரத்தைக் கணக்கிடுவது திட்டம். போன இடத்தில் கடிகாரம் தகராறு செய்தது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு விநாடி எடுக்கும் ‘விநாடி ஊசலை’ப் பாரிஸ் அளவைவிட 2.8 மில்லிமீட்டர் சுருக்கிய பிறகுதான் நேரம் ஒத்துவந்தது. பத்து மாதம் வாராவாரம் சரிபார்த்தார். முடிவு மாறவில்லை.

ஐரோப்பாவில் எல்லோரும் இதை நம்பிவிடவில்லை. வெயிலில் கம்பி நீண்டிருக்கும் என்பது எடுத்த எடுப்பில் வரும் சந்தேகம். அதையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு மீட்டர் இரும்புக் கம்பி, டிகிரிக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். 2.8 மில்லிமீட்டர் நீள வேண்டுமென்றால் கயேன் பாரிசைவிட 230 டிகிரி கூடுதலாகக் கொதித்திருக்க வேண்டும். ரிஷே உயிரோடு ஊர் திரும்பினார்.

1687-ல் வெளிவந்த பிரின்கிப்பியாவில் நியூட்டன் இந்தக் கடிகாரத்தைச் சாட்சிக்கு அழைத்தார். பூமி சுழல்வதால் நடுவில் பருத்தும் துருவங்களில் தட்டையாகவும் இருக்கிறது. நிலநடுக்கோட்டை நெருங்கும்போது ஈர்ப்பு குறைகிறது என்றார். அதில் பெரும்பங்கு சுழற்சியின் நேரடி விளைவு, மீதி அந்தப் பருமனால் வருவது. துருவத்தில் 9.83, நிலநடுக்கோட்டில் 9.78. வித்தியாசம் அரை சதவீதம்தான். நம் செய்முறை வகுப்பில் அது ‘சோதனைப் பிழை’ என்ற பெயரில் காணாமல் போயிருக்கும்.

பிழை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் பிளந்த தக்கையில் நூலை மாட்டி, குண்டை இழுத்துவிடும்போது, ‘வீச்சு சின்னதா இருக்கட்டும்’ என்று ஆசிரியர் சொல்வார். ஏன் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மீள்விசை இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்தில் இருந்தால்தான் அது தனிச்சீரிசை இயக்கம். ஊசலில் அது சின்னக் கோணத்துக்கு மட்டுமே பொருந்தும். பத்து டிகிரிக்கு இழுத்துவிட்டால் அலைவுக் காலம் 0.19 சதவீதம் கூடிவிடும். நாள் கணக்கில் 160 விநாடிக்கு மேல். ரிஷே கண்ட வித்தியாசத்தைவிட இது அதிகம்! குண்டை ஒரு சாண் கூடுதலாக இழுத்திருந்தால் பூமியின் வடிவமே தவறிப்போயிருக்கும். பதிவேட்டில் 9.8 வராவிட்டால் வரவழைத்துவிடும் நம் பழக்கத்தை ரிஷே கைக்கொள்ளாதது உலகத்தின் நல்ல காலம்.

ஊசல் நம் ஊருக்கும் வந்தது. 1821-ல் சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் விநாடி ஊசலின் நீளத்தை அளந்தார். சென்னையில் அது ஏறத்தாழ 99.1 செ.மீ.; பாரிசில் 99.4. பிறகு 1865 முதல் ஜேம்ஸ் பாலடியோ பசேவி என்ற ராணுவப் பொறியாளர் குமரிமுனைப் பக்கமிருந்து இமயம் வரை ஊசல்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். அத்தனை பெரிய மலை பக்கத்தில் இருந்தால் ஈர்ப்பு கூட வேண்டும் அல்லவா? எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது. மலைக்கு அடியில் அடர்த்தி குறைந்த பாறை ஆழமாக இறங்கியிருக்கிறது என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது. பசேவி 1871-ல் லடாக்கின் பதினைந்தாயிரம் அடிக்கு மேற்பட்ட குளிர்ப் பீடபூமியில், அளவெடுக்கப் போன இடத்திலேயே இறந்தார்.

தெற்கே இன்னொரு புதிர் இருந்தது. நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ளேயே ஊசல்களை ஆடவிட்டு ஈர்ப்பை அளந்து காட்டிய டச்சு அறிவியலாளர் வெனிங் மைனஸ், இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு அசாதாரணமாகக் குறைந்த பகுதி ஒன்றை 1948-ல் கண்டார். இலங்கைக்குத் தெற்கே உள்ள அந்தப் பகுதியில் கடல்மட்டம், பூமிக்கு வகுத்த சராசரி வடிவத்தைவிட 100 மீட்டருக்கும் கூடுதலாகத் தாழ்ந்திருக்கிறது. கப்பலில் போகிறவருக்கு இறங்கி ஏறுவது தெரியாது. நீர் எங்கும் ஈர்ப்புக்குச் செங்குத்தாகவே நிற்கிறது. ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்து வந்த, சூடான, அடர்த்தி குறைந்த பாறைதான் காரணமாக இருக்கலாம் என்று பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஆய்வொன்று 2023-ல் சொன்னது.